நான்கு பிரவுசர்களும் ஒரு அம்பயரும்

காபி நன்றாக இருக்கிறது என்று அவர் முன்னால் வாய் தவறியும் சொல்லிவிட முடியாது. உடனே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "எத்தோட வச்சி சொல்றீங்க?" என்று கேட்பார். கிண்டல் எல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். நேற்றைய காபியோடு வைத்தா, எதிர்க்கடைக் காபியோடு வைத்தா, பசியில் குடித்தீர்களா, சாப்பிட்டுவிட்டுக் குடித்தீர்களா? இதற்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிப் போகும். அவர் வந்து உட்கார்ந்தால் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு குடிப்போம்.

ஆபீசில் அவருக்கு அம்பயர் என்று பெயர். கேளம்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி இருந்த சின்னக் கம்பெனி எங்களுடையது. கீழே பெயின்ட் கடை, மாடியில் நாங்கள். வெளிநாட்டு ஆட்களுக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிற வேலை. நான் பக்கங்களைச் செய்வேன், அவர் சோதிப்பார். அதாவது நான் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்கு அவருக்குச் சம்பளம். அப்படிப்பட்ட ஆள் மேல் ஒரு பெண்ணுக்கு வர வேண்டியது எரிச்சல்தான். எனக்கும் முதலில் அதுதான் வந்தது.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் சில நூலகங்களுக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தோம். அங்கே இருந்தவை எல்லாம் அரதப் பழசான கம்ப்யூட்டர்கள். எங்கள் பக்கத்தைத் திறந்து சற்று நேரம் வைத்தால் மிஷின் மூச்சுமுட்டி நின்றுவிடுகிறதாம். எந்த பிரவுசரில் திறந்தால் மெமரி குறைவாகச் செலவாகிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். மேனேஜர் அந்த வேலையை அம்பயரிடம் கொடுத்தார். அரை நாள் வேலை என்று நம்பித்தான் கொடுத்தார், பாவம்.

அப்போது புழக்கத்தில் நான்கு பிரவுசர்கள். அதில் ஒன்று புத்தம் புதிதாக வந்திருந்தது. ஊரே அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னாலே ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிடுவார்கள் என்று அம்பயர் பெயர்களையே எடுத்துவிட்டார். நான்குக்கும் நான் தினம் வரும் பஸ்ஸின் நிறுத்தப் பெயர்களை வைத்தார். கேளம்பாக்கம், திருப்போரூர், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம். எந்த நிறுத்தம் எந்த பிரவுசர் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மேனேஜர் நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் மிஷினை அணைத்துப் போட வேண்டும். ஒரே பக்கங்களை ஒரே வரிசையில் திறக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக மூட வேண்டும். மறுபடி காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது அவர் மேஜைப் பக்கம் போனால், கையை நீட்டி டிராபிக் போலீஸ் மாதிரி நிறுத்துவார்.

"என்னப்பா, முடிஞ்சுதா?" என்று மேனேஜர் அறையிலிருந்தே கத்துவார்.

"இல்ல சார். மாமல்லபுரம் ஓடிகினு கீது."

ஒருநாள் சாயங்காலம் நான்கும் முடிந்தது. அப்பாடா என்று எல்லோரும் பையை எடுத்தபோது, அவர் மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். திருப்போரூர் ஓடும்போது அவருடைய முழங்கை பட்டு மவுஸ் நகர்ந்துவிட்டதாம். அதனால் பக்கம் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டதாம். நாலையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார்.

"திருப்போரூர மட்டும் திரும்பப் பாருய்யா" என்றார் மேனேஜர்.

"அதுக்கு மட்டும் ரெண்டு சான்ஸ் குடுத்த மாதிரி ஆயிடும் சார்."

"நீ இடிச்சத ஒருத்தனும் பாக்கலையே!"

"நான் பாத்தேனே சார்."

மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு படி இறங்கினோம்.

அந்தப் புது பிரவுசரில் இன்னொரு சிக்கல் இருந்தது. அது திறக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக ஓட்டும். எது எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஒரே பெயர் வரிசையாக நிற்கும். மேலே இருக்கும் ஒரு வரியை மட்டும் பார்க்கிறவர்கள் அது தின்பதே இல்லை என்று கொண்டாடினார்கள். எல்லா வரிகளையும் கூட்டிப் பார்த்தவர்கள் அது பகாசுரன் என்று திட்டினார்கள். இரண்டும் தப்பு என்றார் அம்பயர். எனக்குப் புரியவில்லை என்றதும் டீக்கடை பெஞ்சிலேயே விளக்கினார்.

"ஒரு வூட்ல நாலு பேர் கீறாங்கன்னு வைங்க. ஆளுக்கு ஒரு ரூமு. ஆனா சமையக்கட்டு ஒண்ணுதான். ஒவ்வொருத்தரையும் நீ எவ்ளோ எடம் வச்சினு கீறேன்னு கேட்டா, நாலு பேரும் சமையக்கட்டையும் சேத்து சொல்வாங்க. கூட்டினா வூடு பங்களா ஆயிடும். சமையக்கட்ட ஒரு தபாதான் எண்ணணும்."

இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னார். "வாங்கறதுல எல்லாம் ஒண்ணுதாங்க. மூடினப்பறம் எவ்ளோ திருப்பிக் குடுக்குது, அத்ததான் பாக்கணும். அதுலதான் கொணம் தெரியும்." பேச்சு என்னவோ பிரவுசரைப் பற்றியதுதான். நான் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அந்தப் பெஞ்சைத்தான் சொல்வேன்.

கடைசியில் ரிப்போர்ட் வந்தது. நான்கு நிறுத்தங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நான்குமே நேரம் ஆக ஆக வீங்குகின்றன, ஆகவே குறை பிரவுசரில் இல்லை, நாம் செய்து கொடுத்த பக்கத்தில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பக்கத்தைச் செய்தவள் நான். மேனேஜர் எல்லோர் எதிரிலும் என்னைப் பிடி பிடி என்று பிடித்தார். ஒரு வார்த்தை மென்மையாக எழுதியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். அம்பயர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார்.

"வாங்க, மெமரி எங்க ஒழுவுதுன்னு ரெண்டு பேரும் தேடலாம்."

அந்த வாரம் முழுக்கத் தேடினோம். கண்டுபிடித்ததும் கைதட்டியவரும் அவர்தான். மன்னிப்பு மட்டும் கடைசிவரை கேட்கவில்லை. கேட்க வேண்டிய தப்பு எதையும் செய்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய டவுன்ஷிப்பில் இருந்தது. அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே நிலைத்துவிட்டவர். அம்பயருக்குச் செங்கல்பட்டு போகும் சாலையில், காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும் போடுவார்கள். அவர் திருப்போரூர் வந்து நான் வரும் பஸ்ஸில் ஏறுவார். பின்வாசலில் ஏறி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். இடம் காலியானாலும் உட்கார மாட்டார். கடைசிவரை நாங்கள் ‘நீங்க’வைத் தாண்டவும் இல்லை.

ஒருமுறை ஆபீசிலிருந்து எல்லோரும் மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் மீன் வறுவல் கடைகள் வரிசையாக இருந்தன. எந்தக் கடை என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அம்பயர் இரண்டு கடைகளில் ஒரே மீனை, ஒரே மாதிரி வறுக்கச் சொல்லி வாங்கி வந்தார். தண்ணீர் குடித்து வாயைக் கொப்பளித்துவிட்டு ஒன்று, மறுபடி கொப்பளித்துவிட்டு இன்னொன்று. எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருந்து அலுத்துப் போய் அலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் மணலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"எந்தக் கடைது நல்லா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இப்ப உங்க கையில கீதே, அதான்" என்று சொல்லிவிட்டு, அவரும் அலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த மீனை நான் தின்ற மாதிரி உலகத்தில் யாரும் மீன் தின்றிருக்க மாட்டார்கள். முள்ளைக்கூட விடவில்லை.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமையாகிவிட்டது என்று அப்பா புலம்பிக்கொண்டிருந்தார். நான்தான் அம்பயரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் ஒரு சாக்கு, வேறென்ன. அவர் வந்தார், அம்மா கொடுத்த பஜ்ஜியைத் தின்றார். நான்கு பிரவுசர்களையும் போட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எடுக்கிறது என்று காட்டினார். அப்பாவும் எதையும் சரிபார்த்தே பழகியவர். இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள். புது மிஷின் வாங்கிடவா தம்பி என்று அப்பா கேட்டதற்கு, வேண்டாம் சார், நீங்க பாக்கறதுக்கு இதுவே போதும், ஒண்ண மட்டும் வச்சினு மத்தத எடுத்துடுங்க என்றார். அவர் போன பிறகு அப்பா சொன்னார்.

"ஏம்மா, இந்தத் தம்பிக்குப் பொய் சொல்லவே வராது போலயே."

எனக்கு உச்சி குளிர்ந்தது. சாதி வேறு, ஊர் வேறு என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? அது பெரிய மலைதான். ஆனால் அப்பா தனக்குப் பிடித்துப் போனவர்களுக்காக மலை ஏறுகிறவர். அம்பயர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் சாதி, நல்ல குடும்பம். பையனுக்கு ஐடி வேலை, கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் நண்பர்களோடு தங்கியிருந்தான். ஜாதகம் பொருந்திவிட்டது. இனி பையன் எப்படி என்று விசாரிக்க வேண்டும். எங்கள் ஜனத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் இது கட்டாயம். வெளியே தெரியாமல், நம்பிக்கையான ஒரு ஆளை அனுப்பி, அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்பாவுக்குக் கேளம்பாக்கத்தில் யாரைத் தெரியும்? ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். அவருக்குப் பொய்யும் வராது.

நான் தடுப்பதற்குள் அப்பா போனில் பேசி முடித்துவிட்டார். மறுநாள் பஸ்ஸில் அம்பயர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க நைனா ஒரு வேல சொல்லிக்கீறாரு" என்றார். "தெரியும்" என்றேன். அவர் ஏதாவது சொல்வார் என்று திருப்போரூரிலிருந்து கேளம்பாக்கம் வரை காத்திருந்தேன். கேளம்பாக்கம் வந்ததும் எனக்கு முன்னால் இறங்கி நடந்துவிட்டார்.

அவர் விசாரித்த லட்சணம் இருக்கிறதே! வாட்ச்மேனைக் கேட்டார். இஸ்திரி போடுகிறவரைக் கேட்டார். ஷேர் ஆட்டோக்காரரைக் கேட்டார். நாஸ்தா கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பையன் பரிமாறுகிறவரிடம் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்தார். அதோடு விட்டாரா? அந்தக் கட்டடத்தில் இருந்த இன்னும் மூன்று கல்யாணம் ஆகாத பையன்களைப் பற்றியும் அதே கேள்விகளை அதே ஆட்களிடம் கேட்டார். வாட்ச்மேன் எல்லோரையும் நல்லவர் என்று சொல்கிற ஆளாக இருந்தால் அவர் சொல்லுக்கு மதிப்பில்லையே, அதற்காகத்தானாம்.

விளைவு, கல்யாண வயதில் தங்கை வைத்திருக்கும் ஒருவர் மாப்பிள்ளை தேடுகிறார் என்று கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த மூவரில் ஒருவன் அவரைக் கண்டால் வணக்கம் வைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தான். இன்னொருவனுடைய அம்மா செங்கல்பட்டிலிருந்து மஞ்சள் தடவிய ஜாதகத்தோடு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, உங்க தங்கச்சிக்கு இன்னா நட்சத்திரம்?"

"எனக்குத் தங்கச்சியே இல்லீங்கம்மா."

"அப்ப இன்னாத்துக்குய்யா எம் புள்ள குடிப்பானான்னு ஊரெல்லாம் கேட்டுகினு திரியற?"

ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். பையன் குடிப்பதில்லை. சத்தம் போட்டுப் பேசுவதில்லை. இஸ்திரி போடுகிறவருக்கு உடம்பு முடியாதபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது இவன்தான், அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மற்ற மூவரைப் பற்றி வாட்ச்மேன் குறை சொன்னார், இவனைப் பற்றிச் சொல்லவில்லை. லீவு நாளில் மத்தியானம் வரை தூங்குவான், அது ஒன்றுதான் குறை. அப்பா சிரித்துவிட்டார். "ஆனால்" என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை சம்மதம் சொல்லிவிடப் போவதாக அப்பா அம்மாவிடம் சொன்னார். எனக்கு இருந்தது நடுவில் சில நாட்கள்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியானது. "உக்காருங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாத மூணு பேரச் சேத்து விசாரிச்சீங்களே, இன்னும் ஒரு ஆளச் சேத்திருக்கக் கூடாதா?"

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் காலவாக்கம் தாண்டியது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அளக்கறவன் தன்னுதையும் உள்ள வைக்கக் கூடாதுங்க."

"வச்சா என்ன?"

"வச்சா அந்த மாப்பிள்ளையப் பத்தி நான் சொன்னது ஒண்ணத்தையும் யாரும் நம்பக் கூடாது. நானே நம்ப மாட்டேன்." கம்பியிலிருந்து கையை எடுத்தார். "உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா. மொத வாரம் பூரா நான் விசாரிக்கப் போவலீங்க. கொற தேடத்தான் போனேன். ஒரு பீடியாச்சும் புடிச்சிட மாட்டாரான்னு அந்த டீக்கட வாசல்ல நின்னுகினு இருந்தேன். அப்பதான் எம்மேலயே எனக்கு சந்தேகம் வந்துது. அதுக்குதான் இன்னும் மூணு பேரச் சேத்தேன். எங்கண்ணு அவர மட்டும் ஓரமா பாக்குதான்னு தெரியணும்ல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பாமலே கேட்டேன், "நானே அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னீங்கன்னா, விசாரிக்க அனுப்பன ஆளு தனக்கே பேசிகினான்னு ஆயிடும். உங்க நைனா என்ன நம்பி அனுப்பனாரு. அத்த நான் எப்படித் திருப்பிக் குடுப்பேன்?" எழுந்து நின்றார். "அவரு நல்லவருங்க. தேடிப் பாத்துட்டேன். நல்லவருதான்."

திருப்போரூர் வந்தது. இறங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அப்பா சம்மதம் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அம்பயர் காப்பாற்றி வைத்திருந்த அப்பாவின் நம்பிக்கையை என் கையாலேயே உடைத்திருப்பேன். செங்கல்பட்டில் கல்யாணம் நடந்தது. ஆபீஸ் கும்பலோடு அவரும் வந்தார், புகைப்படத்துக்கு ஓரத்தில் நின்றார், பந்தியில் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

என் கணவர் நல்லவர். அம்பயர் சொன்ன ஒரு வார்த்தைகூட இத்தனை வருடத்தில் பொய்யாகவில்லை. அந்த வாழ்க்கையை நான் குறைவாக வாழவும் இல்லை. இருந்தும் சில சாயங்காலங்களில், வேலையெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்திருக்கும்போது, எங்கோ இருக்கிற அந்த மனிதர் மேல் எனக்குத் தாங்க முடியாத கோபம் வருகிறது. ஊரில் எல்லோரும் தினமும் செய்கிறார்களே, ஒரே ஒரு தடவை, எனக்காக அவரும் ஓரவஞ்சனை செய்திருக்கலாம்.